ஒரிஜினல் பெயின்ட்

எனக்கு வாய் நீளம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் குன்றத்தூருக்கு வந்து, பெங்களூர் ரோட்டின்மேல் இருந்த ஒரு கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன வேடிக்கை பாருங்கள், அங்கே அந்த நீள வாய்க்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வீட்டுக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் வேலை. எனக்கு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் மேசை. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்க வருகிறவர்களிடம், அவர்களுடைய பழைய காருக்கு என்ன விலை என்று சொல்லுகிற வேலை.

விலையைப் போடுவது நான் இல்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்க ஒருவர் இருந்தார். சென்னைக்காரர், அதிகம் பேச மாட்டார், செக்கிங் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் பார்த்துவிட்டு, சென்னையில் பழைய கார் வாங்கி விற்கிற வியாபாரிக்குப் போன் போடுவார். வியாபாரி சொல்லுகிற விலையில் ஷோரூம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். மிச்சத்தை நான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். பொம்பளைப் பிள்ளை முன்னால் ஆம்பளைகள் அவ்வளவாகக் கத்த மாட்டார்கள் என்று மேனேஜர் கணக்குப் போட்டு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். நல்ல கணக்கு போங்கள். அந்த மேசையில் நான் வாங்காத பேச்சு இல்லை.

எடுத்த எடுப்பில் விலையைச் சொல்லிவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முதலில் குறை. டயர் தேய்ந்துவிட்டது, சீட்டில் கிழிசல், இந்த மாடலுக்கு இப்போது மார்க்கெட் இல்லை, இந்தக் கலர் ஓடாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எதிரே இருப்பவர் முகம் இறங்கிக்கொண்டே வரும். நன்றாக இறங்கின பிறகு விலையைச் சொன்னால் பாதிச் சண்டைதான் மிஞ்சும். எங்களுக்குள் இதற்குப் பெயர் குறை பாடுவது. எனக்கு இது கைவந்த கலை என்று மேனேஜர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அத்தனையும் பொய் இல்லை, டயர் தேய்ந்துதான் இருக்கும். ஆனால் எட்டணா தேய்மானத்தை எட்டு ரூபாய்க்குப் பாடுவோம்.

வருகிற ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் செக்கிங் முடிந்ததும் நல்ல டயர்களைக் கழற்றி வைத்துக்கொண்டு மொட்டை டயரை மாட்டிக் கொண்டு வந்தார். இன்னொருவர், விலையைக் கேட்டதும் காரிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டு சாயங்காலம்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கண்ணாடி வழியாகக் கும்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பசி வந்து இறங்கினார். இதையெல்லாம் வீட்டில் சொல்லி நானும் வீட்டுக்காரரும் சிரித்திருக்கிறோம். சிரிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

அந்த வாடிக்கையாளருக்கு ஒரகடம் பக்கத்துக் கிராமம். ஐம்பது வயதைத் தாண்டியவர், கருத்த, அகலமான ஆள். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டின வேட்டி. வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஷோரூமுக்குள் வருவார், எத்தனை தடவை சொன்னாலும் போட்டுக்கொண்டு வர மாட்டார். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. வந்த பணத்தில் வீட்டைக் கட்டி, மகளைக் கட்டிக் கொடுத்து, மீதியில் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். அதை ஒரு கம்பெனிக்கு டூட்டிக்கு விட்டு, அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். விடிந்தால் சென்னைக்குப் போய் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். வீடு அந்த டூட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கம்பெனி புதுசாக ஒரு சட்டம் போட்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது. ஒன்றாம் தேதி புது வண்டி நிற்கவில்லையென்றால் டூட்டி வேறு ஆளுக்குப் போய்விடும். புதுக் காருக்கு பாங்க்கில் கடன் தருகிறார்கள், ஆனால் கையிலிருந்து ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அந்த ஒன்றரையைப் பழைய கார்தான் கொண்டுவர வேண்டும், வேறு வழியில்லை. இவ்வளவையும் முதல் நாளே என் மேசையில் கொட்டிவிட்டார். விலை பேச வருகிறவர் தன் அவசரத்தைச் சொல்லலாமா? நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

செக்கிங் அண்ணன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து என் காதில், "நல்ல வண்டி. ஒரிஜினல் பெயின்ட். ஒரு இடத்துல கூட கை வைக்கல" என்றார். பழைய கார் வியாபாரத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால் வண்டி எங்கும் மோதவில்லை என்று அர்த்தம். மேலே பெயின்ட் அடித்திருந்தால், அடியில் என்னத்தையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்குகிறவன் அப்படித்தான் பார்ப்பான். இது எங்களுக்குத் தெரியும், வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் விலையை ஏற்றுவார்கள்.

ஆகவே நான் வழக்கம்போலப் பாடினேன். டயர், சீட், மாடல், மங்கின வெள்ளை, ஒன்றையும் விடவில்லை. அப்புறம் ஒன்றேகால் லட்சம் என்றேன்.

ஐயோ, அன்றைக்கு அவர் போட்ட சத்தம். சர்வீஸில் வண்டி விட வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். கொயந்த மாரி வச்சிகினுகீறேன், கண்ணு கீதா இல்லியா உங்களுக்கு என்று ஆரம்பித்தார். நான் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சமாதானப்படுத்தப் போக, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சி என்றால் அவருக்கு மளிகைக் கடைக்காரராம். நான் என்ன உனக்குப் பருப்பா எடை போடுகிறேன் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கோபத்துக்கு நடுவில் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் நான் வேண்டுமென்றே அப்படித்தான் கூப்பிட்டேன்.

மறுபடி வந்தார், மறுபடி சண்டை. இப்படியே தினம் வந்து போனதில் எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. காருக்கு முன்னால் அவர் மாட்டு வியாபாரம் பார்த்தவர். சந்தைக் கதைகளை எடுத்தால் விடமாட்டார். சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போகிறதுக்கு முந்தின நாள் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, கழுத்துக்கு மணி கட்டித்தான் கொண்டுபோவாராம். மாட்டைப் பார்த்ததுமே வாங்குகிறவன் பாதி விழுந்துவிட வேண்டுமாம். வெவரமான தரகன் இருக்கிறானே, அவன் முந்தின நாளே வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டவெல்லாம் வேண்டாம், மாடு இருக்கிறபடியே ஓட்டி வா என்று நைச்சியமாகச் சொல்லுவானாம். அழுக்கு மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கத்தான் அந்தத் தந்திரமாம். நம்ம கிட்ட நடக்குமா அது, என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நானும் கேட்டுச் சிரித்தேன். அந்தக் கதை எனக்கு எதற்குச் சொல்லப்பட்டது என்று அப்போது தெரியவில்லை. அவருக்கும்தான் தெரியாது.

நான் மேனேஜரிடம் போராடினேன். செக்கிங் அண்ணனும் எனக்காக வியாபாரியிடம் பேசினார். ஒரிஜினல் பெயின்ட், ஒரே கை ஓட்டின வண்டி என்று சொல்லிச் சொல்லி வியாபாரியை ஏற்றினார். ஷோரூம் தன் பங்கில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது, புது வண்டிக்குத் தருகிற போனஸையும் சேர்த்தார்கள். ஒன்றரை வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. அந்த மேசையில் கேட்ட விலையை முழுசாக வாங்கின ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் மேனேஜர் கறாராக ஒன்று சொல்லிவிட்டார், இன்றைக்கே ஒன்றரை என்று வாயைத் திறக்காதே, ஒன்று நாற்பது என்று சொல்லி வை, வெள்ளிக்கிழமை வண்டியை விடும்போது மீதியைச் சொன்னால் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போவார் என்று. அதுவும் தொழிலில் ஒரு வழக்கம்தான். கடைசி நிமிஷத்துக்கு ஒரு இனிப்பைக் கையில் வைத்திருப்போம்.

ஒன்று நாற்பது என்று கேட்டதும் அன்றைக்கு அவர் கத்தவில்லை. யோசித்தார். இன்னும் பத்து வேண்டுமே என்றார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வண்டியோடு வாங்க, பார்த்துச் செய்யலாம் என்றேன். சரி என்று எழுந்து போனார்.

எனக்கு என்னமோ உறுத்தியது. எழுந்து வாசல்வரை ஓடினேன். அவர் காரைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல், "அண்ணாச்சி, வண்டிய ஒண்ணும் செஞ்சிராதீங்க. கழுவக்கூட வேண்டாம். இப்படியே கொண்டு வாங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. சரிம்மா என்றார். நான் நிம்மதியாக உள்ளே வந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். கண் கூசிப் போய்விட்டது. புத்தம் புது வெள்ளை. அதே வெள்ளைதான், ஆனால் பளபளவென்று. முன்னால் மல்லிகைச் சரம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட்டில் விட்டு, உடம்பு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தார். அந்த மாதத்து டீசல் காசு மொத்தமும் அதில் போயிருந்தது. பின்சீட்டிலிருந்து அவர் மனைவி இறங்கினார். பட்டுப்புடவை கட்டி, கையில் மஞ்சள் பை வைத்திருந்தார். பைக்குள் எலுமிச்சம்பழமும் சூடமும் தேங்காயும். புது வண்டிக்குச் சுற்றிப் போட.

"இப்ப சொல்லும்மா வெல" என்றார் அவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

நீள வாய்க்காரி நான், அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செக்கிங் அண்ணன் வந்தார். தட்டிப் பார்க்கக்கூட இல்லை. கதவைத் திறந்து ரப்பர் ஓரத்தில் நகத்தால் சுரண்டினார், வெள்ளை உதிர்ந்தது. கதவு மூட்டின் திருகாணித் தலையிலும் வெள்ளை இருந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே போய் செக்கிங் அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அண்ணே, போன வாரம் நீங்கதானே பாத்தீங்க, எங்கயும் மோதலன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வியாபாரிகிட்ட சொல்லுங்க என்றேன். அவரும் மனுஷன், சொன்னார். என் முன்னாலேயே போன் போட்டு, நடந்ததை அப்படியே சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வியாபாரி சிரித்தது எனக்கே கேட்டது. நீ பார்த்திருக்கிறாய், என்னிடம் வாங்குகிறவன் பார்த்தானா, ஃபுல் பெயின்ட் வண்டி என்றால் ஆக்சிடென்ட் வண்டிதான், ஒரு லட்சத்துக்கு மேல் பைசா கிடையாது என்றுவிட்டான். மேனேஜரிடம் போனேன். ஐம்பதாயிரத்தை யார் கையிலிருந்து போடுவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அன்றைக்கு யார் பேசியதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை.

மேசைக்குத் திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் மனைவி கண்ணாடிக்கு அப்பால் எந்தக் கார் தங்களுடையது என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் குறை எதுவும் பாடவில்லை. பெயின்ட் அடித்ததால் இப்படி ஆகிவிட்டது, ஒன்றுதான் தர முடியும், நீங்கள் அடிக்காமல் வந்திருந்தால் ஒன்றரை தயாராக இருந்தது என்றேன். அந்த ஒன்றரையைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் அன்றைக்கே ஓடி வந்து சொன்னேனே, ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொன்னேனே என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"சொன்ன" என்றார். நிதானமாகத்தான் பேசினார். "டயரு தேஞ்சி போச்சின்னு சொன்ன. சீட்டு கிழிஞ்சி கீதுன்னு சொன்ன. கலரு மங்கிப் போச்சின்னு சொன்ன. அல்லாம் வெலய கொறைக்கத்தான சொன்ன? இதையும் நீ அதுக்குத்தான் சொல்றன்னு நென்ச்சிகினேன். நீ சொன்னதுல எது நெசம்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

சந்தைத் தரகன் வீடு தேடி வந்து சொன்னதைத்தான் நானும் வாசல்வரை ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த மேசையில் அவரிடம் பேசினதிலேயே கலப்படமில்லாத பேச்சு அது ஒன்றுதான். அதுதான் அவரைக் கவிழ்த்தது.

ஒன்றுக்கு வண்டியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கொடுத்தாலும் புது வண்டிக்குக் காணாது. எழுந்தார், மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மல்லிகைச் சரத்தோடு கார் ரோட்டில் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றாம் தேதி டூட்டி வேறு ஒருவர் காருக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குறை பாட வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி வந்து நிற்கும். எக்ஸ்சேஞ்ச் மேசையிலிருந்து என்னை எடுத்து இன்சூரன்ஸ் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ஒரு வருஷம் இருக்கும். ஒரகடத்தில் வீட்டுக்காரரின் சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்ட பையன்களைத் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டு போகிற ஷேர் கார்கள் வந்து வந்து போயின. ஒரு வெள்ளைக் கார் என் முன்னால் வந்து நின்றது. பம்பர் ஓரத்தில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் அடியிலிருந்த பழைய வெள்ளை அப்படியே இருந்தது, அதில் ஒரு கீறல் இல்லை.

அவர்தான். குன்றத்தூர்தானே, ஏறு என்றார். பின்னால் ஏற்கெனவே நான்கு பையன்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள், என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். படப்பை தாண்டும்வரை பேத்தி கதைதான். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் வழுக்கியது, ஏறும்போதே பார்த்திருந்தேன், பின் டயர் இரண்டும் சுத்தமாக வழவழத்துப் போயிருந்தன. மழைக்காலம் வேறு. இத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு போகிற ஆள். சொல்லலாமா வேண்டாமா என்று குன்றத்தூர்வரை மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

இறங்கிக் காசைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, பின் டயர் ரெண்டும் தேஞ்சி போச்சு. உடனே மாத்திருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதே சின்னச் சிரிப்பு.

"அதுக்கு எவ்ளோ கொறைக்கிற?" என்றார். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கியரைப் போட்டார்.